பதினோரு மணிப் பூசை

அக்டோபர் 5, ஞாயிறு

இந்த டைரி லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து வருஷா வருஷம் என் வீட்டுக்காரருக்கு வருவது. இந்த வருஷமும் அவர் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை போல. பொங்கலிலிருந்து அரிசி டப்பா மேலேயே கிடந்தது.

நேற்று ரெஜினா போனில், "அம்மா, ஓடுறத எல்லாம் எழுதி வை. எங்க போன, எங்க வலிச்சுது, எல்லாம்" என்றாள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் சொன்னால் கேட்க வேண்டியதுதான். நான் அஞ்சாவது வரைக்கும்தான் போனேன். தப்பு இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்.

இன்று மேட்டு ஃபேக்டரி வரைக்கும் போய் வந்தேன். இடது முட்டி வலித்தது. குளிர். அவருடைய பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். என்னுடையது துவைத்துக் காயவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நான் ஓட ஆரம்பித்தது ஒரு வேடிக்கை. ஸ்கூல் ஹாஸ்டல் சமையலறையில் விடிவதற்குள் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. நடந்தால் நேரமாகிறது என்று ஓடினேன். எதிரே டீக் கொழுந்து லாரி வந்தது. நிறுத்தித் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா லூர்து, யாரு தொரத்துறா?" என்று கேட்டார். அவர்தான். பதில் சொல்ல நேரமில்லை என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினேன். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாசம் சிரித்தார்.

பிறகு ஆண்டு விழாவில் வேலைக்காரர்களுக்குப் பந்தயம் வைத்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிக் குக்கர் வாங்கினேன். அதற்குப் பிறகு அவர் விடவில்லை. கோத்தகிரியில் மாரத்தான் நடக்கிறது, நாற்பத்திரண்டு கிலோமீட்டர், பெரிய பெரிய ஊரிலிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று அவரே போய் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

போன வருஷம் நவம்பர் கடைசியில் ஓடினேன். மொபெட்டில் முன்னால் போய் ஒவ்வொரு வளைவிலும் நிற்பார். பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்ட கட்டஞ்சாயா ஃபிளாஸ்கில் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும், "இன்னும் ஒரே வளைவுதான் லூர்து" என்பார். எத்தனை வளைவு வந்தாலும் அதையேதான் சொன்னார். ஐந்தே கால் மணி நேரத்தில் முடித்தேன். "அடுத்த வருஷம் என் பொண்டாட்டி அஞ்சு மணி நேரத்துக்குள்ள வருவா பாரு" என்று டீக்கடை, ஃபேக்டரி, சலூன் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டு வாரம்தான் திரிந்தார். மூன்றாவது வாரம் நெஞ்சுவலி வந்தது. அதை எழுத வேண்டாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குச் சிலுவை வைத்த ஒரு சின்னக் கோயில்தான். சாமியார் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும் வருவார். பெரிய கோயிலில் பூசை முடித்து, பிறகு இங்கே பதினோரு மணிக்கு. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் நடத்துவார்.

இன்று போக முடியவில்லை. விறகு நனைந்துவிட்டது, அடுக்க வேண்டியிருந்தது. கோயில் குழாய் ஸ்பீக்கரை மேற்கே பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து கீழ்க்காற்று அடித்தால் ரோடு வரைக்கும் கேட்கும், எங்கள் வீட்டுக்கும் கேட்கும். முதல் பாட்டு முடிந்ததும், கருத்துகள் என்று சொல்லி, யார் யாருக்காகப் பூசை என்று உபதேசியார் பெயர் வாசிப்பார். இறந்த இன்னார், இறந்த இன்னார் என்று. முன்பெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிற்பேன். இன்று ஜன்னலைச் சாத்தினேன். குளிர் உள்ளே வந்தது.

மதியம் ஞானம் வந்தாள். ஞானசௌந்தரி, அவருடைய தங்கை. பக்கத்து லைனில் இருக்கிறாள். தையல் மிஷின் மாதிரி, ஓட ஆரம்பித்தால் நிற்காது அவள் வாய்.

"அண்ணி, சாமியார்கிட்ட சொல்லிட்டேன். டிசம்பர் பதினாலு, ரெண்டாவது ஞாயிறாவே வருது பாருங்க. அண்ணனோட வருஷப் பூசை அன்னைக்கே. முதல் பேரா வாசிக்கச் சொல்லியிருக்கேன்."

சரி என்றேன். வடை சுட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

இந்த வருஷம் மழைக்காகப் பந்தயத்தைத் தள்ளி டிசம்பர் பதினாலில் வைத்திருக்கிறார்கள். போன மாசமே தேதியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பெயர் கொடுத்தேன். வேறு ஒன்றும் நினைத்துக் கொடுக்கவில்லை.

ஞானத்திடம் இன்னும் சொல்லவில்லை. பொழுது அமையவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். எல்லோரும் பூவும் மெழுகுவத்தியும் கொண்டு போனார்கள். எனக்கு ஹாஸ்டலில் டியூட்டி. கூட வேலை செய்கிற பாக்கியம் மாற்றிக்கொள்கிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன், பாவம் அவளுக்கும் வீடு இருக்கிறது.

ஆனால் விடிகாலையில் ஓடும்போது கல்லறைத் தோட்டம் வழியாகத்தான் போனேன். அது சுற்று வழி, ஏற்றமும் அதிகம், பயிற்சிக்கு நல்லது. மதில் பக்கம் வந்ததும் காற்று பலமாக அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் காற்றில் ஓடினால் இதுதான் தொல்லை. மதிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் ஞானம் வந்து, "அண்ணன் சிலுவைல இன்னும் பேரு எழுதல அண்ணி. மொட்டையா நிக்குது. நம்ம லைன் இன்னாசி அண்ணன்கிட்ட பெயிண்ட் இருக்கு" என்றாள்.

மழை விடட்டும் என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

இன்று எல்லாம் உடைந்தது. பஸ் நிலையத்தில் மாரத்தான் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ஞானம் மீன் வாங்கப் போன இடத்தில் பார்த்துவிட்டாள். மீன் பையோடு நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"பதினாலாம் தேதின்னு போட்டிருக்கு."

"ஆமா."

"உங்க பேரு அதுல இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"எப்ப கொடுத்தீங்க?"

"செப்டம்பர்ல."

மீன் பையைக் கீழே வைத்தாள். "அப்ப நான் பூசைக்குச் சொல்லிட்டு வந்து நின்னப்ப வடை சுட்டுக் குடுத்தீங்களே, அப்பவே தெரியுமா?"

நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"பத்து மாசமா பாக்குறேன் அண்ணி. வெறகு நனைஞ்சிருச்சு, முட்டி வலி, டியூட்டி. பாக்கியம் மாத்திக்கிறேன்னு சொன்னத அவளே என்கிட்ட சொல்லிட்டா. கோயில் உங்கள என்ன செஞ்சுச்சு? எங்க அண்ணன் உங்கள என்ன செஞ்சாரு?"

"அவர்தான் ஓடச் சொன்னாரு" என்றேன்.

"என் பூசைக்கு வராம ஓடுன்னு சொன்னாரா?"

போய்விட்டாள். மீன் பையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். நெத்திலி. ஆய்ந்து கழுவிக் கொடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

நவம்பர் 18

ஞானம் பேசவில்லை.

நவம்பர் 20

இன்றும் பேசவில்லை. குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் குடத்தை வைத்தாள். நிரம்பியதும் என் குடத்தைத் திரும்பச் சரியாக வைத்துவிட்டுத்தான் போனாள்.

நவம்பர் 22

முறுக்கு சுட்டிருக்கிறாள். வாசனை வந்தது. தட்டு வரவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடினேன். கடைசி ஏற்றத்தில் நடந்தேன். கோயிலைத் தாண்டி ஸ்கூல் மைதானத்துக்குப் போகிற ஏற்றம் அது. பந்தயமும் அங்கேதான் முடிகிறது. கிழக்கிலிருந்து காற்று நேராக மூஞ்சியில் அடித்தது, யாரோ உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தள்ளுகிற மாதிரி. போன வருஷம் அந்த இடத்தில் அவர் மொபெட்டோடு நின்றார்.

ஞானம் பேசாததை ரெஜினாவிடம் போனில் சொன்னேன். அவள், "அம்மா, ஆறு மணிக்குத்தானே ஓட ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பூசை எத்தன மணிக்கு?" என்றாள். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நவம்பர் 25, செவ்வாய்

விடியவில்லை, கதவைத் தட்டினாள் ஞானம். தலையில் துண்டு, மேலே அவள் வீட்டுக்காரருடைய கோட்டு.

"ரெஜினா போன் பண்ணா. ஆறுலேந்து பதினொன்னு, அஞ்சு மணி நேரம். எங்க அண்ணன் ஊரெல்லாம் பொண்டாட்டி அஞ்சுக்குள்ள வருவான்னு தம்பட்டம் அடிச்சாரா இல்லையா?"

"அடிச்சாரு."

"அப்ப அஞ்சுக்குள்ள வாங்க. வந்து கோயிலுக்குள்ள நின்னு அவரு பேரைக் கேளுங்க. முடிஞ்சுது கதை. சாமியார்கிட்ட கெஞ்சிப் பாத்தேன், அவருக்குப் பன்னெண்டரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பூசை, நகர முடியாதாம். நீங்கதான் நகரணும்."

முறுக்குத் தட்டை அடுப்பு மேடையில் வைத்தாள். நமுத்துப் போயிருந்தது. நான்கு தின்றேன்.

நவம்பர் 26, புதன்

மொபெட் ஒரு வருஷமாக வீட்டுக்குப் பின்னால் படுதாவுக்கு அடியில் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஞானம் எடுத்தாள். இன்னாசி அண்ணன் பிளக்கைச் சுத்தம் செய்து கொடுத்தார். ஞானத்துக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு தடவை டீச்செடிக்குள் போனாள். "எங்க அண்ணன் வண்டி, என்னைத் தெரியாத மாதிரி நடிக்குது" என்று திட்டினாள். நான் இத்தனை நாளில் இப்படிச் சிரிக்கவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தேன்.

டிசம்பர் 3, புதன்

ஞானம் வண்டியில் பின்னால் வருகிறாள். அண்ணன் மாதிரி இல்லை இவள். வளைவில் நின்று நான், "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால், "நெறைய இருக்கு, பேசாம ஓடுங்க" என்கிறாள்.

"உங்க அண்ணன் ஒரே வளைவுன்னு சொல்வாரு" என்றேன்.

"அவரு பொய்யி. கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்டுல வந்து ஓட்டு வீடு இருக்குன்னு சொன்னாரு ஞாபகம் இருக்கா? தகரம்."

"மழைல நல்லா சத்தம் கேக்கும்னு சொன்னாரு."

"அதையாவது உண்மையா சொன்னாரே" என்றாள். மொபெட் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பிறகு அவள், "காலு ஆறிடும் அண்ணி, கெளம்புங்க" என்றாள்.

டிசம்பர் 11, வியாழன்

கடலில் புயல் சின்னமாம். ரேடியோவில் சொன்னார்கள். இங்கே மழை இல்லை, காற்றுதான். ஹாஸ்டலில் காயப் போட்ட போர்வைகள் எல்லாம் சவுக்குத் தோப்பில் போய்க் கிடந்தன. பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள்.

டிசம்பர் 13, சனி

ரெஜினா வந்துவிட்டாள். நெஞ்சில் குத்துகிற நம்பரை அவள்தான் ஸ்வெட்டரில் ஊசி போட்டுக் குத்தினாள். "அப்பா ஸ்வெட்டரா போடுற? காத்துல பாரமா இருக்கும்மா" என்றாள். என்னுடையது காயவில்லை என்றேன். கொடியில் என் ஸ்வெட்டர் ஆடிக்கொண்டிருந்தது. அவளும் பார்த்துவிட்டு இன்னொரு ஊசியைக் குத்தினாள்.

பூசைக்குப் போகும்போது கட்டிக்கொள்ள வெள்ளைச் சேலையை ஒரு பையில் போட்டு ஞானத்திடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இத தொட்டுப் பாத்தே ஒரு வருஷம் ஆச்சா?" என்றாள்.

எதற்காக இப்படி ஓடுகிறேன் என்று கேட்டால் பூசைக்குப் போகத்தான் என்று சொல்வேன். ஆனால் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை போட்டு வாசிப்பார்களே, அதை நினைத்தால் பாத்திரம் கழுவுகிற கை அப்படியே நின்றுவிடுகிறது. மைக்கில் சொல்லிவிட்டால் பிறகு என்ன இருக்கிறது.

படுக்கப் போகிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

கிளம்பும்போது இருட்டு. மூச்சு விட்டால் புகை. கூட்டத்தோடு நின்றபோது குளிர் தெரியவில்லை. முதல் பாதி இறக்கமும் சமதளமுமாக இருந்தது, காற்றும் முதுகில். தூக்கிக்கொண்டு போகிற மாதிரி போனேன். காட்சி முனையில் திரும்பும் இடத்தில் தண்ணீர் கொடுத்த பிள்ளை, "அக்கா, நல்ல வேகம்" என்றது. ஞானத்துக்காக இன்றைக்கு அஞ்சுக்குள் வந்துவிடுவேன் என்று அப்போது நிஜமாகவே நம்பினேன்.

திரும்பினேன். முதுகில் இருந்த காற்று முகத்துக்கு வந்தது.

அந்தக் காற்றை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. டீச்செடியெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. நெஞ்சு நம்பர் படபடவென்று அடித்து ஒரு ஊசி பிய்த்துக்கொண்டு போனது. காதுக்குள் ஊளை. விரல் மரத்துப் போய் வாழைப்பழத்தின் தோலை உரிக்க முடியவில்லை, பல்லால் கடித்து உரித்தேன். பெங்களூர்ப் பையன்கள் எல்லாம் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக ஒளிந்துகொண்டு ஓடினார்கள். நானும் கொஞ்ச தூரம் ஒரு அகலமான முதுகுக்குப் பின்னால் ஓடினேன். அவர் நின்றுவிட்டார். பிறகு முன்னால் யாரும் இல்லை.

ஒவ்வொரு வளைவிலும் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை. ஞானமும் ரெஜினாவும் பூசைக்குப் போயிருப்பார்கள், நிற்க மாட்டார்கள் என்று தெரியும். கழுத்து தானாகத் திரும்பியது.

கடைசி ஏற்றத்துக்கு வரும்போது நடந்துகொண்டுதான் இருந்தேன். அப்போது கோயில் மணி அடித்தது. பதினொன்று. அடித்து முடித்துப் பாட்டும் தொடங்கிவிட்டது. கீழ்க்காற்று, அதனால் ஒரு சொல் விடாமல் வந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அஞ்சு போயிற்று. பூசையும் போயிற்று. உண்மையைச் சொன்னால், வயிற்றுக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. நான் உள்ளே போவதற்குள் பெயர் வாசித்துவிடுவார்கள். நான் கேட்க வேண்டியதில்லை. ரோட்டு ஓரக் கல்லில் கையை வைத்துக் குனிந்து நின்றேன்.

பாட்டு நின்றது. ஸ்பீக்கர் கரகரத்தது. உபதேசியார் குரல்.

"இன்றைய திருப்பலியின் கருத்துகள். இறந்த சவரியப்பன் அவர்களின் ஆன்மா இளைப்பாற."

எங்கே போய் ஒளிவது. நடு ரோட்டில், டீக்காட்டுக்கு மத்தியில், நேராக மூஞ்சியில் கொண்டுவந்து போட்டது காற்று. சாத்துவதற்கு ஜன்னல் இல்லை.

நான் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உபதேசியார் என் பெயர், ரெஜினா பெயர், ஞானம் பெயர் எல்லாம் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தடுமாறினார், எழுத்துக் கூட்டுகிற மாதிரி. பிறகு சொன்னார்:

"இந்த நேரத்தில் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் அவர் மனைவி லூர்தம்மாள், காற்றிலும் குளிரிலும் கீழே விழாமல், நல்லபடியாக ஓடி முடித்து வந்து சேர. கேட்டுக்கொள்பவர், நாத்தனார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூட வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. பின்னால் வந்த ஒருவர், "என்னாச்சும்மா, ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றார். "இல்லீங்க, எனக்காகப் பூசை நடக்குது" என்றேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

நிமிர்ந்து பார்த்தால் ஒரே ஒரு வளைவுதான் இருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே ஒரே வளைவு. ஓடினேன்.

கோயில் கேட்டுக்கு வந்ததும் கால் தானாக மெதுவாயிற்று. உள்ளே போவதா, மைதானத்துக்குப் போவதா. கதவு திறந்திருந்தது. கடைசி வரிசையில் ஞானம் முழங்காலில் இருந்தாள். திரும்பவில்லை. என் காலடிச் சத்தமா, மூச்சா, எது கேட்டதோ. வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, கோழியை விரட்டுகிற மாதிரி, போ போ என்று ஆட்டினாள்.

போனேன். ஐந்து மணி நேரம் ஆறு நிமிடம் என்று போர்டில் காட்டியது. போன வருஷத்துக்கு ஒன்பது நிமிடம் குறைவு. என் வாழ்க்கையில் இதற்குமுன் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

மெடலைப் போட்டுவிட்டார்கள். வெள்ளைச் சேலை கட்ட நேரமில்லை. அப்படியே ஸ்வெட்டரோடு கோயிலுக்குத் திரும்பி வந்தேன். ரெஜினா நகர்ந்து இடம் விட்டாள். ஞானம் மூக்கைப் பொத்திக்கொண்டு காதில், "நாத்தம் தாங்கல அண்ணி, சாமியே எந்திரிச்சுப் போயிரும்" என்றாள். ஆனால் என் மரத்துப் போன கையை எடுத்து அவள் மடியில் வைத்து, பூசை முடியும் வரைக்கும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். இஞ்சி அதிகம்.

"அஞ்சுக்குள்ள வரலையே" என்றேன்.

"எங்க அண்ணன்தான் பொய்யின்னு சொன்னேனே."

"எனக்கு எதுக்கு ஞானம் கருத்துல பேரு கொடுத்த?"

"போனவங்களுக்கு மட்டுந்தான் கேக்கணுமா? ஓடுறவங்களுக்கும் ஒருத்தி கேக்கணுமில்ல. கப்பைப் புடிங்க, கொட்டுது."

டிசம்பர் 16, செவ்வாய்

படி இறங்க முடியவில்லை. பின்பக்கமாகத் திரும்பி இறங்குகிறேன். ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லோரும் என்னை மாதிரியே பின்பக்கமாக இறங்கிக் காட்டுகிறார்கள்.

டிசம்பர் 19, வெள்ளி

இன்னாசி அண்ணனிடம் சொன்னேன். கறுப்புப் பெயிண்டில் சிலுவையில் எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். சவரியப்பன் என்று எழுதியதும், கொஞ்சம் கோணல் என்றேன். "அவனும் கோணல்தான தங்கச்சி" என்றார்.

டிசம்பர் 21, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். சாமியார் இல்லை, உபதேசியார் ஜெபம்தான். குளிருக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தார்கள். மெழுகுவத்திச் சுடர்கூட அசையவில்லை.

காற்றே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.